வால்வுக்கு ஊற்றிய முருங்கை சூப்பு

நான் சொன்ன ஒரு நகைச்சுவையால் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபம் பாதி காலியானது. ஜோக் சகிக்கவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. அதை நான் சொல்லி முடிக்கவே இல்லை. அதனால்தான் போனார்கள்.

வார நாட்களில் நான் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கிறவன். மணமக்களை மேடைக்கு அழைப்பது, கேக் வெட்டச் சொல்வது, 'இரண்டே வார்த்தை பேசுகிறேன்' என்று ஏறிய மாமாக்களிடமிருந்து மைக்கை மரியாதையாகப் பிடுங்குவது ஆகியவை என் பொறுப்பு. மூன்றாவதற்குத்தான் உடம்பில் தெம்பு வேண்டும்.

அன்றைக்குப் புத்தம்புதிதாக ஒரு ஜோக் கைவசம் வைத்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. என் மனைவி முன்கூட்டியே கேட்டுவிட்டால், மண்டபத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டாவி விடுவாள். மதிய விருந்து, நல்ல கூட்டம், வெளியே கொட்டுகிற மழை. குரலைக் கொஞ்சம் கவலையாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஒரு முக்கியமான அறிவிப்பு. வெளியில ஒரு வெள்ளைக் காரு லைட்டு எரிஞ்சிக்கிட்டே நிக்குதாம்."

இந்த நாட்டில் யாரிடம்தான் வெள்ளைக் கார் இல்லை? நான் கணக்குப் போட்டபடியே பாதி மண்டபம் எழுந்து நின்றது. இனி ஒரே ஒரு வரிதான் பாக்கி. "எழுந்தவங்க எல்லாரும்..." என்றேன். அதோடு மூச்சு நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கரையில் தூக்கிப் போட்ட கெளுத்தி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். மைக்கில் 'ஹ... ஹ...' என்று காற்று மட்டும் கேட்டது.

எழுந்தவர்கள் எல்லாரும் மழையில் ஓடினார்கள்.

அவரவர் காரைப் பார்த்தார்கள். பிறகு அடுத்தவர் காரைப் பார்த்தார்கள். பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காருக்குக் கார் கைவைத்து எட்டிப் பார்த்தார்கள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்த கூட்டத்துக்கு என் மச்சான்தான் தலைவர். மனைவியின் அண்ணன், ஆயர் தாவார்ப் பக்கம் செம்பனைத் தோட்டம் குத்தகை எடுத்திருப்பவர், உரத்த குரல்காரர்.

"எந்தக் காருன்னு சொல்லித் தொலை மச்சான்! கோழி மாதிரி நனைஞ்சிட்டோம்லா!"

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தேன். முன்வரிசை கைதட்டியது. நடிப்பு பிரமாதமாம். ஊருக்கே கோமாளியாக இருப்பதில் உள்ள ஒரே சிக்கல் இதுதான்: நிஜமாகச் செத்தாலும் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள்.

கைதட்டாதவள் என் மனைவி மட்டுமே. விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள், என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள், "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க" என்றாள். மழையில் நனைந்த கோபமெல்லாம் பிரியாணிப் பக்கம் திரும்பிய இடைவெளியில், என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே இருதயப் பகுதியில் ஓர் இளம் டாக்டர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம் என்று பிறகு தெரிந்தது. 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. உள்ளே ஏதோ நல்ல பாட்டு ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அங்கிள், சின்ன வயசில காய்ச்சல் வந்து மூட்டு வீங்கினதா?"

நினைவு இருந்தது. பீடோருக்கு உள்ளே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலம். முதலில் தொண்டை வலி. அது போய்க் கொஞ்ச நாளில் முட்டி வீங்கியது. முட்டி வடிந்ததும் முழங்கை வீங்கியது. பள்ளிக்கு மட்டம் போட நான் சொல்லாத வியாதி கிடையாது என்பதால் அப்பாவுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "நேத்து முட்டி, இன்னிக்கு முழங்கை. நாளைக்கு எங்க, மூக்கா?" என்றார். டிரெசர் என்று நாங்கள் கூப்பிடுகிற தோட்டத்து மருந்தாளர், எல்லா நோய்க்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். அதுவாக வந்தது, அதுவாகப் போனது என்று எல்லாரும் மறந்துவிட்டோம்.

"அதுதான் ருமாட்டிக் காய்ச்சல்" என்றார் டாக்டர். "தொண்டையில வந்த கிருமிய அடிக்க உங்கட உடம்பு ஆள் அனுப்பியிருக்கு. போன ஆக்கள் அடையாளம் தெரியாம மூட்டையும் அடிச்சு, இதய வால்வையும் சேர்த்து அடிச்சிட்டாங்க."

"கோயில் சண்டையில யாரையோ அடிக்கப் போயி கச்சாங் பூத்தே கடலை விக்கிறவர அடிச்ச மாதிரி."

"ஓம்" என்று சிரித்தார். "ஆனா சண்டை அன்றைக்கே முடியேல்ல. மூட்டு வீக்கம் வத்திப் போச்சு. உள்ளுக்க மட்டும் இத்தனை வருசமா லேசாப் புகைஞ்சுகொண்டே இருந்திருக்கு. வால்வு தடிச்சு, ஒட்டிக்கொண்டு, வாசல் சுருங்கிப் போச்சு."

அழற்சி என்று புத்தகத் தமிழில் சொல்கிற சமாச்சாரம். என் சட்டைக்குள்ளே நாற்பது வருஷமாக ஒரு கலவரம் நடந்திருக்கிறது. வெளியே நான் மைக் பிடித்து ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வால்வைத் திறக்க வழி இருந்தது. தொடை இடுக்கில் ஊசியால் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனை மேலே கொண்டுபோய், ஒட்டிக்கிடக்கும் வால்வுக்கு நடுவில் ஊதி, பிரித்துவிட்டு, பலூனைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். பிறந்தநாள் விழாவுக்குக்கூட இவ்வளவு நாசூக்காகப் பலூன் ஊதி நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னால், வாய் வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் பின்பக்கத்தைப் பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். அதில்தான் வில்லங்கம் தெரிந்தது. சுருங்கிய வாசலுக்குப் பின்னால் ரத்தம் தேங்கி, மேல் அறையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டி.

"இந்தக் கட்டி இருக்கிற வரைக்கும் பலூன் செய்ய ஏலாது" என்றார் டாக்டர். "பலூன் அதைத் தட்டிவிட்டா நேரா மூளைக்குப் போயிடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தாறன். ரெண்டு மூணு மாசத்தில கரைஞ்சா பலூன். கரையாட்டி நெஞ்சைத் திறந்துதான் செய்யணும்."

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எவ்வளவு தொறப்பீங்க?"

டாக்டர் தன் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து, வயிற்றுக்கு மேல் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். என் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பித்தான்களைப் பார்த்தாள், மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே லட்சியம்தான். கட்டி கரைய வேண்டும்.

மாத்திரையின் பெயர் வார்ஃபரின். இதைச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி கிளினிக்குக்குப் போக வேண்டும். விரலில் குத்தி ஒரு எண் பார்ப்பார்கள். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் ரத்தம் சரியான அளவில் இளக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இறங்கினால் உறையத் தொடங்கும். ஏறினால், பல் தேய்க்கும்போதே ரத்தம் கொட்டும். இதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் மருந்துப் பிரிவில் இருந்த ஒரு மலாய்ப் பெண். பொறுமையாக, படம் போட்டு, மலாயில் சொன்னார். நான் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். பக்கத்தில் என் மனைவியும் தலையாட்டினாள். இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் நாங்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

முதல் முறை எண் சரியாக இருந்தது. இரண்டாம் முறை இறங்கியது. மூன்றாம் முறை இன்னும் இறங்கியது. மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கும் இறங்கியது.

"பாக்சிக், ஓபாட் மக்கான் தாக்?" என்றார் அந்தப் பெண். மருந்து சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று அர்த்தம்.

"சாப்பிடுகிறேன்" என்றேன், சிரித்துக்கொண்டே. என் முகம் அப்படி. உண்மை சொன்னாலும் கண்ணடிப்பதுபோல் இருக்கும். அவர் நம்பவில்லை. என் மனைவியும் நம்பவில்லை. அன்றிலிருந்து மாலையில் மாத்திரை போட்டதும் நான் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தின் இரண்டு பக்கமும் காட்ட வேண்டியதாயிற்று. சுங்கச் சோதனையில் கூட இவ்வளவு தோண்டமாட்டார்கள்.

"நிறையக் கீரை சாப்பிடுகிறீர்களா?" என்றும் கிளினிக்கில் கேட்டார்கள். அடித்துச் சொன்னேன்: இல்லை. கீரை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தட்டில் இருந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

அது சத்தியமான வார்த்தை. நான் கீரை தின்னவில்லை, குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் மனைவியின் மருத்துவ அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒவ்வொரு முறையும் அவளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எண் இறங்கும். கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி என்போம், கண்டிப்பார். இவள் முருங்கைக்கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவாள். அடுத்த முறை எண் ஏறும். மிஸ்ஸி பாராட்டுவார். ஆக அவள் மனதில் ஆணியடித்துப் பதிந்த பாடம் ஒன்று: ரத்தத்தில் எண் இறங்கினால் முருங்கை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வாள். என் எண் இறங்கியது. அவள் கொல்லைப் பக்கம் போனாள்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வேலியோரம் ஒரு முருங்கை நிற்கிறது. பாதி எங்களுடையது, பாதி பக்கத்து வீட்டு அக்காவினுடையது. தினமும் காலையில் அதிலிருந்து இரண்டு கைப்பிடி உருவி, மிளகு பூண்டு வைத்து வேகவைத்து, மிக்ஸியில் அப்படியே அரைத்து, நெய் விட்டு ஒரு பெரிய கோப்பையில் தருவாள். பச்சை நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன். அது சாப்பாடு இல்லை, கைமருந்து. கைமருந்தைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

எண் இன்னும் இறங்கியது. கோப்பை இரண்டானது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரத்தம் எறங்குதாமே? எங்கப் பக்கமும் ஒடிச்சுக்கம்மா" என்றார். மச்சான் வார இறுதியில் ஆயர் தாவாரிலிருந்து தன் பழைய பிக்கப்பில் கட்டுக்கட்டாக முருங்கை கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணே, உங்க மச்சானுக்கு இன்னும் எண்ணு ஏறலயாம்ணே" என்பாள் இவள்.

"கவலைய விடு. அடுத்த வாரம் கூட ரெண்டு கட்டு கொண்டாரேன். ஏறாம எங்க போயிடும்?"

உறவுக்காரர்கள் என் மீது வைத்த பாசம் அவ்வளவும் பச்சை நிறத்தில் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது ஸ்கேனுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி இஸ்திரி போடும்போது என் சட்டைப் பித்தான்களைத் தடவிப் பார்ப்பதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு உதவி கேட்டார். என்னைப் போல வால்வு கெட்டவர்களின் ரத்தக் குழாய்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்கிறாராம். "எல்லாரும் வால்வை மட்டும்தான் பார்க்கினம். அந்தப் புகைச்சல் ரத்தக் குழாய்க்குள்ளேயும் என்ன செய்து வச்சிருக்கெண்டு நான் பார்க்கப் போறன்." வெறும் வயிற்றில் வர வேண்டும், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றார். ஒரு நாள் சூப்பிலிருந்து தப்பிக்கலாம் என்பதற்காகவே சம்மதித்தேன்.

படுக்கவைத்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை முன்கையில் சுற்றி, இறுக்கிப் பிடித்து, அப்படியே விட்டுவிட்டார். கை மரத்து, விரலெல்லாம் கத்தரிக்காய் நிறமானது. முழங்கைக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டையைப் பட்டென்று தளர்த்தினார். அடைபட்டிருந்த ரத்தம் திமுதிமுவென்று பாய்ந்தது.

"இப்ப நல்ல குழாயெண்டால், ரத்தம் வாற வேகத்தைப் பார்த்துத் தானா விரிஞ்சு வழி விடும். குழாயின்ட உள்தோல்தான் அதுக்குக் கட்டளை குடுக்கும்."

"என்னோடது?"

"கொஞ்சம்தான் விரியுது."

எனக்கு அந்தக் குழாயை நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தது. காலையில் ஹாஸ்டல் வாசலில் நின்று நான் ஹார்ன் அடிக்க அடிக்க, போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஃபேக்டரிப் பையன்தான் அது. சொன்னேன். டாக்டர் ஸ்கேன் கருவி ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு விளக்கினார். உள்தோல் வழவழப்பாக இருந்தால் ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடும். அழற்சி அதைக் கெடுத்துவிட்டால் ரத்தம் ஒட்டப் பார்க்கும், கட்டப் பார்க்கும். வால்வுக்குப் பின்னால் தேங்கி நின்றால் கேட்கவே வேண்டாம்.

"அழுக்கு மங்குல வடிஞ்ச பால் மாதிரி" என்றேன். மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பை. அதைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன்பே கட்டிவிடும். டாக்டருக்கு ரப்பர் பால் தெரியாது. சும்மா தலையாட்டினார். கிளினிக்கில் நாங்கள் ஆட்டிய அதே மாதிரி.

ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்து முடிந்ததும், "இனிச் சாப்பிடலாம் அங்கிள்" என்றார். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல் என் மனைவி பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அறை முழுக்கப் பூண்டும் மிளகும் பச்சை வாசமும் பரவின.

டாக்டரின் மூக்கு திரும்பியது. "அன்ட்டி, அதென்ன?"

"முருங்கைக்கீரை சூப்பு டாக்டர். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒரு நாளும் தவற விட்டதில்ல." அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. "இவருக்கு எண்ணு எறங்கிட்டே போவுதில்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவர் வீட்டிலும் முருங்கை வைப்பார்கள் அல்லவா? முருங்கை இலையில் இருக்கிற ஒரு சத்து, ரத்தத்தை உறைய வைக்க உடம்புக்கு உதவுவது என்றும், மாத்திரை ஒரு பக்கம் இழுத்தால் சூப்பு மறு பக்கம் இழுக்கும் என்றும் மெதுவாகச் சொன்னார். என் மனைவிக்கு ஏறவில்லை. "ரத்தம் ஊறும்னுதான் டாக்டர்..." என்று அதிலேயே நின்றாள்.

நான் புத்திசாலித்தனமாகக் குறுக்கே புகுந்தேன். அவளும் ரப்பர் பால் வெட்டுகிறவர் மகள். அம்மாவோடு பால் ஸ்டோரில் நின்று வளர்ந்தவள்.

"இந்தா பாரு. அந்த மாத்திரை, வாளிப் பால் கட்டாம இருக்க ஊத்துவாங்களே அமோனியா, அது. உன் சூப்பு என்னா தெரியுமா? பால உறைய வச்சு ஷீட்டு போட ஊத்துவாங்களே ஆசிட்டு, அது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு சட்டென்று புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப நாந்தான் கட்டிய வளத்தேனா?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, மூச்சு இருந்தும் ஜோக் வரவில்லை. கண்ணீர் அவள் மூக்கு நுனியில் வந்து நின்றது. டாக்டர்தான் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார்.

"கட்டி நீங்கள் வாறதுக்கு முன்னமே இருந்தது அன்ட்டி. இன்னும் நேரம் இருக்கு. கீரையை ஒரேயடியா நிப்பாட்டவும் வேண்டாம். கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவா இருந்தால் அதுக்கேத்த மாதிரி மாத்திரையை நான் சரி பண்ணுவன். கூட்டிக் குறைக்கிறதுதான் கூடாது." இரண்டாவது ஸ்கேனையும் தள்ளிவைத்தார். பலூன் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று அவளுக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்சமாக என்று சொன்னது என் மனைவி காதில் விழவில்லை. அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டாள். மறுநாள் அவர் பாராங் கத்தியோடு வந்து வேலியோரம் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"எங்கப் பக்கத்த ஏன்யா வெட்டறே?"

"ஆசிட்டாம் அக்கா!"

"எனக்கு வால்வு நல்லாத்தானேயா இருக்கு!"

நியாயமான பேச்சு. எங்கள் பக்கத்தை மட்டும் வெட்டினார்கள். மரம் பல நாள் ஒரு பக்கம் தலை வாரிய பையன் மாதிரி நின்றது.

சூப்பு நின்றது. ஒரு கரண்டிக் கீரைப் பொரியல் மட்டும், வாரத்துக்கு இரண்டு முறை, மாறாமல். எண் மேலே வந்து, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. மருந்துப் பிரிவுப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்கிற மாதிரி. முருங்கைக் கதையைச் சொல்லலாம் என்று பார்த்தேன். மலாயில் அவ்வளவு தூரம் எனக்குப் பேச வராது. திருந்தியவனாகவே இருந்துவிட்டேன்.

ஸ்கேனுக்குப் போன அன்று வாயில் குழாயோடு படுத்திருந்தேன். டாக்டர் திரையைப் பார்த்தார், இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். நான் பேச முடியாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் ஈப்போவுக்கே நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு அவர் வெளியே போய் என் மனைவியிடம் முதலில் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. "அப்ப தொறக்க வேணாமா?"

வேண்டாம். மூலை சுத்தமாக இருந்தது.

பெரிய இருதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பலூன் செய்தார்கள். ஊதினார்கள், வாசல் திறந்தது, எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் ஊரில் யாரும் நம்பவில்லை. இன்றைக்கும் என்னைக் கட்டிப்பிடிக்கிறவர்கள் மெதுவாகத்தான் பிடிக்கிறார்கள். வெடித்துவிடுமாம். ஆராய்ச்சிக்காக டாக்டர் மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். குழாய் முன்பைவிடக் கொஞ்சம் விரிந்தது. அது வால்வு திறந்ததாலா, நான் நடக்க ஆரம்பித்ததாலா, இல்லை அன்றைக்கு அதற்கு நல்ல மனநிலையா என்று இன்னும் சொல்ல முடியாது என்றார். "தெரியாது" என்று சொல்கிற டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மாத்திரை தொடர்கிறது. உள்ளே புகைவது முழுக்க அணைந்துவிட்டது என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

பிறகு மச்சான் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஆயர் தாவார்ப் பக்கம் ஒரு மண்டபம். என் மறுபிரவேசம்.

"மைக்கு உனக்குத்தான் மச்சான். ஆனா அந்தக் காரு ஜோக்க மட்டும் எடுக்காதே. மழைக்காலம்லா" என்று மச்சான் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். கொடுத்தேன். கொடுத்த சத்தியத்தை மீறுகிறவன் இல்லை நான். ஆனால் கேக் வெட்டி முடித்த நேரத்தில் மண்டபத்துக் காவலாளி வந்து என் காதில் மலாயில் சொன்னார்: பின்பக்கம் வெள்ளை வண்டி ஒன்று, லைட் எரிகிறது.

வேறு வழி? மைக்கை எடுத்தேன். "ஒரு முக்கியமான அறிவிப்பு. வெளியில ஒரு வெள்ளை வண்டி லைட்டு எரிஞ்சிக்கிட்டே நிக்குதாம்."

ஒருவரும் எழவில்லை. நாற்காலியை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இது நெஜம்லா! சத்தியமா நெஜம்! காவலாளி இப்பத்தான் வந்து சொன்னாரு, பின்பக்கமா நிக்குது, பேட்டரி போயிடும், யாருதுன்னு தயவுசெஞ்சு போயிப் பாருங்க, நனைஞ்சா நான் துண்டு தாரேன்!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மேசைக்கு மேசை போய் ஐஸ்கிரீம் பரிமாறிக்கொண்டிருந்த மச்சான், "எவ்வளவு பணம் குடுத்தாலும் எந்திரிக்க மாட்டோம்!" என்று கத்தினார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அவ்வளவு நீள வாக்கியத்தை நான் நிறுத்தாமல் சொல்லி முடித்திருந்தேன். அவள் கை மெல்ல முந்தானையை விட்டது.

விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பும்போதுதான் தெரிந்தது. வெள்ளை வண்டி மச்சானுடைய பழைய பிக்கப். காலையில் இருட்டோடு வாழைமரம் ஏற்றி வந்தவர் லைட்டை அணைக்க மறந்திருக்கிறார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்கிறது, அதோடு சரி.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் என்னைப் பார்த்து, முழு நேர்மையோடு.

நான்கைந்து பேர் பின்னால் கைவைத்தார்கள். நானும் வைத்தேன். "ஏங்க! தள்ளாதீங்க!" என்று என் மனைவி ஓடி வருவதற்குள் வண்டி உருள ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் குலுங்கிப் புகையைக் கக்கிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்ற பயத்தில் மச்சான் நிறுத்தவே இல்லை. மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சன்னல் வழியாக விருந்தாளிகளை வணங்கி வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

என் மனைவி வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். "வேகமா துடிக்குதுங்க."

"துடிக்காம நின்னாத்தான் சொல்லணும்."

கையை எடுக்கவில்லை. மூச்சு நிதானத்துக்கு வரும்வரை வைத்திருந்தாள். சீக்கிரமே வந்தது. அப்புறம் கேட்டாள். "அது சரி, அன்னைக்கு ஈப்போவுல அந்த ஜோக்கு. எழுந்தவங்க எல்லாரும்னு நிறுத்தினீங்களே. மிச்சம் என்னா?"

இத்தனை மாதங்களாக யாரும் கேட்காத கேள்வி. நானும் சொல்லவில்லை. ஒரே மூச்சில் சொல்ல முடிகிற அன்றைக்குத்தான் என்று வைத்திருந்தேன். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.

"எழுந்தவங்க எல்லாரும் உக்காராம, அப்படியே வரிசையா மேடைக்கு வந்து, பொண்ணு மாப்பிள்ளைக்கு மொய்க் கவரக் குடுத்துட்டுப் போயி உக்காருங்க!"

அவள் என்னைப் பார்த்தாள். பிக்கப் எங்களைத் தாண்டி இன்னொரு முறை போயிற்று.

"இதுக்காகவா அத்தன பேரு மழையில நனைஞ்சாங்க?" என்றாள்.